ஏர் கிளீனரில் ஆயில்: பதினேழாவது வரி

2018 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். கிணற்று மோட்டார் நாற்பது நிமிடம் ஓடியது. தக்காளியில் பாதிப் பாத்திக்குத்தான் தண்ணீர் பாய்ந்தது. 7.05க்கு இண்டூரிலிருந்து புறப்பட்டு 7.35க்குத் தருமபுரியில் பைக் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தேன். மேகமூட்டம், மழை இல்லை. சனிக்கிழமை முடித்த வண்டிகள் எட்டு, டெலிவரி வரிசையில் நின்றன. எட்டிலும் ஆயில் மட்டம் பார்த்தேன். ஆறில் குறைவாக இருந்தது. மேல்கோடு வரை ஊற்றினேன். 8.25க்கு எட்டு அட்டைகளிலும் கையெழுத்திட்டேன்.

இதெல்லாம் அன்றைய டைரியில் இருப்பது. அதே பக்கத்தில் 11.10 என்று நேரம் எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். இருபத்தெட்டு ஆண்டு டைரிகளில் அப்படி விட்ட இடம் அது ஒன்றுதான்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என் இடத்தில் இப்போது பெருமாள் இருக்கிறார். அந்தக் கொட்டகையில் பாதியை இன்று பேட்டரி வண்டிகள் பிடித்துக்கொண்டன. அவற்றில் என்ஜின் ஆயிலும் கிடையாது, ஏர் கிளீனரும் கிடையாது. மீதிப் பாதிக்கு வரும் புது மெக்கானிக்குகளுக்கு ஒரு ஆயில் கசிவை எப்படித் தேடுவது என்று தெரியவில்லை என்றார் பெருமாள். போன வாரம் போனில் கேட்டார்.

"அண்ணா, ஏர் கிளீனர்ல ஆயில் வர்றத பத்தி ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்க எழுதுனா ஒழுங்கா இருக்கும்."

"எல்லாத்தையும் எழுதட்டுமா?"

பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த என்ஜினை யாரிடமோ அணைக்கச் சொன்னார். பிறகு, "எல்லாத்தையும் எழுதுங்கண்ணா" என்றார்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1990இல் ஒரு ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். பிறகு கம்பெனி டீலரிடம் மெக்கானிக். 2011 முதல் இறுதிப் பரிசோதகர். வேலை முடிந்த ஒவ்வொரு வண்டியையும் கடைசியாகப் பார்த்து, இருபத்து நான்கு வரி கொண்ட அட்டையில் வரிக்கு வரி டிக் போட்டு, கையெழுத்திட்டு வெளியே விடுவது என் பொறுப்பு.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். என்ஜின் ஓடும்போது உள்ளே காற்றும் ஆயில் ஆவியும் அழுத்தமாகச் சேரும். அது வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. பிரீதர் குழாய் என்போம். அது ஏர் கிளீனர் பெட்டிக்குள் போய்ச் சேரும். ஆவியோடு வரும் சொட்டு ஆயில் பெட்டியின் அடியில் தங்கும். அடியில் ஒரு வடிகுழாய், அதன் நுனியில் ஒரு ரப்பர் மூடி. சர்வீஸில் மூடியைக் கழற்றி, தேங்கியதை வடித்து, மூடியைத் திரும்பப் போட வேண்டும். சில சொட்டு வருவது இயல்பு. பெட்டி நனைந்து, பில்டர் ஊறி, மூட்டு வழியாகக் கசிந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி சாய்ந்து விழுந்திருக்கலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பிரீதர் குழாய் மடங்கியிருக்கலாம். அல்லது என்ஜினில் ஆயில் அளவுக்கு மேல் இருக்கலாம்.

கடைசிக் காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நேராக நிமிர்த்த வேண்டும். மூன்று நிமிடம் என்ஜினை ஓடவிட்டு, அணைத்து, இன்னும் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும். அளவுக்குச்சியைத் துடைத்து, மரையைத் திருகாமல், துளையில் சும்மா வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தால் போதும். மேல்கோட்டைத் தொட வேண்டும் என்பதில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். இதைச் சுவரில் எழுதி மாட்டியவனே நான்தான்.

ஆனால் எங்கள் டெலிவரி வரிசை வேறு மாதிரி. வண்டிகளைக் கழுவி, முற்றத்தின் ஓரமாக, தண்ணீர் வடியும் சரிவில், பக்க ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்துவோம். பழைய வண்டிகளில் நடு ஸ்டாண்ட் இருந்தது; ஒரு மிதியில் நேராக நிற்கும். புது மாடல்களில் அது இல்லாமல் வந்தது. நேராக நிமிர்த்த இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும். காலையில் எட்டு, மாலையில் இருபது வண்டிகளுக்கு ஆள் எங்கே? அதனால் சாய்ந்த வண்டியிலேயே குச்சியை விட்டுப் பார்த்தேன். வண்டி இடது பக்கம் சாயும். ஆயில் இடது பக்கம் ஒதுங்கும். குச்சியோ வலது பக்கம். பார்க்கிற வண்டியெல்லாம் குறைவாகவே காட்டும். 'எந்த வண்டியும் மேல்கோட்டுக்குக் கீழே வெளியே போகக்கூடாது' என்பது என் விதி. ஊற்றினேன். வாடிக்கையாளர்கள் அதை விரும்பினார்கள். ஊற்றுவதைத் தங்கள் கண்ணால் பார்த்தால் ஒரு திருப்தி. மாதாந்திரக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள்.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் நாகராஜப்பா, தேன்கனிக்கோட்டைப் பக்கம், வீட்டில் கன்னடம். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மேசை மேல் பிளாஸ்கில் வெந்நீர், அதன் பக்கத்தில் ஓர் அடி இரும்பு ஸ்கேல். யாராவது புகாரோடு வந்தால் முதலில் நாற்காலி, பிறகு வெந்நீர், பிறகு அட்டை. ஸ்கேலை முதல் வரிக்கு அடியில் வைத்து வாய்விட்டுப் படிப்பார். ஸ்கேலை நகர்த்துவார். அடுத்த வரி. இருபத்து நான்கும் முடிந்ததும் அட்டையை மூடி, "ஆயித்து" என்பார். முடிந்தது என்று அர்த்தம். சத்தம் போட வந்தவர் பத்தாவது வரியிலேயே களைத்துவிடுவார். எங்களிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "கார்டுல இருந்தா நடந்துச்சு. கார்டுல இல்லைன்னா நடக்கல." பன்னிரண்டு மெக்கானிக்குகளின் வேலையை அந்த ஸ்கேல் பல தடவை காப்பாற்றியிருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும்.

சவரிமுத்து முதலில் வந்தது 2018 மே 16, புதன்கிழமை. ஏரியூர்ப் பக்கம் விவசாயம். மாதத்தில் ஒரு புதன்கிழமை மனைவி செலின்மேரியைச் சகாயமாதா கோயில் நவநாள் ஜெபத்துக்குத் தருமபுரிக்குக் கூட்டி வருவார். காலையில் வண்டியை எங்களிடம் விட்டுவிட்டு, சாமான் வாங்கி, கோயிலுக்குப் போய், சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

"ஏர் கிளீனர் பொட்டி நனஞ்சு கெடக்குதுங்க. வண்டி அழுவுதுங்க" என்றார்.

அப்போது மெக்கானிக்காக இருந்த பெருமாள் பெட்டியைத் திறந்தார். பில்டர் ஊறியிருந்தது.

"வண்டிய எங்கயாச்சும் கீழ போட்டீங்களாண்ணா?"

"நான் உழுந்திருக்கறங்க. வண்டி உழுந்ததில்ல."

துடைத்து, புது பில்டர் போட்டு, குழாயை வடித்து, மூடி போட்டார் பெருமாள். வண்டி வரிசைக்கு வந்தது. நான் குச்சியை விட்டுப் பார்த்தேன். குறைவு. ஊற்றினேன்.

ஜூன் 13, புதன்கிழமை. மறுபடியும் அதே. இந்தத் தடவை கம்ப்ரஷன் பார்த்தோம், நன்றாக இருந்தது. புகை இல்லை. பிரீதர் குழாய் சுத்தம். வண்டி வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. காரணம் தெரியவில்லை. சாயங்காலம் செலின்மேரி நேராக என்னிடம் வந்தார். உயரம் குறைவு, குரல் அப்படியில்லை. கையில் மெழுகுவத்திப் பாக்கெட். சேலையின் கீழ் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். கணுக்கால் உயரத்தில் கறுப்புப் புள்ளிகள்.

"ஏங்க, ஆயில வண்டிக்கு ஊத்துறீங்களா, எனக்கு ஊத்துறீங்களா? மூணு சேலை போச்சுங்க. மாதா முன்னாடி மண்டி போட்டா பக்கத்துல இருக்கறவ மூக்க மூடிக்கறா."

சவரிமுத்து சிரித்தார். "காலுக்கு ஆயில் போட்டா நல்லதுதாங்க. மூட்டு வலி போயிடும்."

"உங்க வாய்க்கு ரெண்டு சொட்டு உடச் சொல்லுங்க. நிக்காம ஓடுது."

கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று டைரியில், 'ஏரியூர் அம்மா, சேலை ஓரத்தில் ஆயில், இடது பக்கம்' என்று எழுதியிருக்கிறேன். அட்டையில் எழுதவில்லை. அட்டையில் சேலைக்கு வரி இல்லை. பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் ஒருவரின் சேலையில் ஆயில் தெறிக்கிறது என்றால், அது பின் டயரையும் தொடுகிறது என்று அர்த்தம். அந்த ஒன்றை நான் யோசித்திருக்க வேண்டும். அன்றும் சரிவில் நின்ற வண்டியில் குச்சியை விட்டேன். குறைவு. ஊற்றினேன்.

ஜூலை 11, புதன்கிழமை. மூன்றாவது தடவை. நாகராஜப்பா என்னைக் கூப்பிட்டு, வெந்நீரை ஊதிக்கொண்டே, "மாது, இந்த வண்டி நாலாவது தடவ உள்ள வரக்கூடாது" என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெருமாளிடம் போய், வடிகுழாயின் மூடியைக் கழற்றியே விட்டுவிடச் சொன்னேன். பழைய வண்டிகளில் இது வழக்கம். மூடி இல்லாவிட்டால் ஆயில் பெட்டியில் தேங்காது, பில்டர் ஊறாது. வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போய்விடும். வண்டிக்காரர் திறந்து பார்த்தாலும் பெட்டி காய்ந்திருக்கும். பெருமாள் கையில் மூடியை வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இதுல குழாய் கட்டையா இருக்குதேண்ணா. பின் சக்கரத்துக்கு நேரா வருது."

"சொட்டு சொட்டா தானப்பா வரும். உடு."

பழைய வண்டிகளில் அந்தக் குழாய் நீளமாகச் சக்கரத்துக்கு விலகி, கீழே தொங்கும். இந்த மாடலில் அது டயருக்கு முன்னால், ஒரு கை அகலத்தில் முடிந்தது. பெருமாள் பார்த்துச் சொன்னார். நான் குனிந்து பார்க்கவில்லை. மூடியை அவர் கையிலிருந்து வாங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு வரிசையில் குச்சி. குறைவு. ஊற்றினேன். அட்டையை எடுத்தேன். பதினேழாவது வரி: ஏர் கிளீனர் வடிகுழாய் மூடி பொருத்தப்பட்டது. டிக். கையெழுத்து.

சாயங்காலம் 5.50க்கு வண்டியை எடுத்தார்கள். செலின்மேரி புதுச் சேலையில் இருந்தார். ஏறி உட்காரும்போது என்னைப் பார்த்து, "இந்தச் சேலையாச்சும் மிஞ்சுமாங்க?" என்று கேட்டார்.

"மிஞ்சும்மா. தைரியமா போங்க" என்றேன்.

அவர்கள் எங்கள் இண்டூர் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பென்னாகரம் தாண்டி, ஏரியூர் போகிற வழியில், ஒரு இடது வளைவில் பின் சக்கரம் வழுக்கியது. லேசான தூறல் இருந்ததாம். சவரிமுத்துவுக்கு முழங்கையில் சிராய்ப்பு. செலின்மேரிக்குத் தலையில் அடி. மறுநாள் வியாழக்கிழமை மதியம் பேட்டரி வாங்க வந்த ஏரியூர்க்காரர் ஒருவர் கவுண்டரில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். "நவநாளுக்குப் போயிட்டு வந்தவங்க. அந்தம்மா காலைல போயிருச்சு." நான் அப்போது யாருக்கோ பில் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கி முடித்தேன். மூடி அன்றும் என் பையில்தான் இருந்தது.

இப்போது அந்த 11.10க்கு வருகிறேன்.

ஆகஸ்ட் 6 காலை ஒரு லோடு ஆட்டோ உள்ளே வந்தது. அதில் அந்த வண்டி கயிற்றால் கட்டிக் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அப்போதுதான் விட்டிருந்தார்கள். சவரிமுத்து டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கினார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ரிப்பேருக்கு இல்லீங்க. வித்துரப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

"என்ன பாக்கணும்ங்க?"

"கொற வண்டியிலயா, என் மேலயான்னு."

வண்டியை இறக்கினோம். நான் குனிந்தேன். ஜூலை 11 அன்று குனியாத இடத்தில் அன்று குனிந்தேன். வடிகுழாய் திறந்து கிடந்தது. அதன் நுனியிலிருந்து டயரின் இடது ஓரம் வரை ஆயிலும் மண்ணும் சேர்ந்து விரல் அகலத்துக்குக் கறுப்பாக அப்பியிருந்தது. பெருமாளைக் கூப்பிட்டு வண்டியை நேராகப் பிடிக்கச் சொன்னேன். குச்சியைத் துடைத்து, திருகாமல் வைத்து எடுத்தேன். அவ்வளவு வடிந்த பிறகும் ஆயில் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் நின்றது. மூன்று மாதமாக நாங்கள் தேடிய காரணம் அதுதான். அது என் கையால் ஊற்றியது. பெருமாள் குச்சியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

நாகராஜப்பா வெளியே வந்து சவரிமுத்துவைத் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப்போனார். நாற்காலி. வெந்நீர். அட்டை. நான் கதவருகே நின்றேன்.

"பாருங்க சவரிமுத்து. ஒண்ணு, பிரேக் முன்னாடி. சரி. ரெண்டு, பிரேக் பின்னாடி. சரி." ஸ்கேல் நகர்ந்தது. அவர் அவசரப்படவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. பின் டயர் காற்று. சரி. "பதினேழு. ஏர் கிளீனர் வடிகுழாய் மூடி பொருத்தப்பட்டது." ஸ்கேல் அங்கே நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். மூடி என் மேசை இழுப்பறையில், பத்து எட்டு தூரத்தில் இருந்தது. ஸ்கேல் நகர்ந்தது. "பதினெட்டு."

இருபத்து நான்கும் முடிந்தது. அவர் "ஆயித்து" சொல்லவில்லை. அட்டையை மட்டும் மூடினார்.

"கார்டுல எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க" என்றார்.

சவரிமுத்து தம்ளரைத் தொடவில்லை. "எம் மச்சானுங்க சொல்றானுங்க, நான் முறுக்கிக்கிட்டுப் போனேன்னு. கல்லறையிலயே வெச்சுச் சொன்னானுங்க. நான் மெல்லத்தாங்க போனேன். அவ பின்னால செபமாலை சொல்லிக்கிட்டு வந்தா, அது எனக்கு நல்லாக் காதுல கேட்டுச்சு. முறுக்கிக்கிட்டுப் போனா கேக்குமாங்க?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணா. நீங்கதான கடசியா பாத்தீங்க. வண்டி சரியாத்தான இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் எனக்கு இன்றும் தாங்க முடியாதது.

"அப்ப நான்தாங்க" என்றார். எழுந்து, இரண்டு பேருக்கும் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். லோடு ஆட்டோக்காரர் வண்டியைத் திரும்பக் கட்டினார். சவரிமுத்துவும் ஒரு கயிற்றைப் பிடித்தார்.

அன்று மாலை நாகராஜப்பாவின் அறைக்குப் போனேன். "சார், அந்த மூடி..." என்று ஆரம்பித்தேன்.

அவர் ஸ்கேலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் கேக்கல மாது. நீங்களும் சொல்லல" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றுப் போனார். போகும்போது பிளாஸ்கை எடுத்துப்போனார், ஸ்கேலை விட்டுப்போனார்.

ஏரியூருக்கு நான் ஒரு தடவை போனேன், ஓய்வு பெற்ற மாதம். மூடியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப்போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஆடு கட்டிக்கொண்டே, "அவரு பெங்களூரு பக்கம் பில்டிங் வேலைக்குப் போயி ரொம்ப நாளாச்சுங்க. வண்டிய வித்ததுக்கப்புறம் எதையும் ஓட்டறதில்ல. சைக்கிள்கூட ஏற மாட்டாரு. எங்கயும் நடைதான்" என்றார். போன் நம்பர் கேட்டேன். இல்லை என்றார். என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். என்ன விஷயம் என்று சொல்வது என்று கேட்டார். வண்டி விஷயம் என்றேன். இதுவரை அழைப்பு வரவில்லை. வந்தாலும், அவர் இத்தனை வருடம் சுமந்ததை என் ஒரு வாக்கியம் இறக்கி வைக்கும் என்று நான் நம்பவில்லை. அவருடைய மச்சான்கள் அதைக் கேட்கப்போவதில்லை. செலின்மேரியும் கேட்கப்போவதில்லை.

பெருமாள் இதை யாரிடம் படிக்கக் கொடுப்பார் என்று தெரியாது. ஆயில் கசிவைத் தேடும் முறை மட்டும் வேண்டுமென்றால் முதல் இரண்டு பக்கம் போதும், மீதியைக் கிழித்துவிடலாம். அட்டையின் நகல் என்னிடம் இருக்கிறது. பதினேழாவது வரியில் என் டிக் நன்றாக, நேராக, கட்டத்துக்குள் இருக்கிறது.

ஆகஸ்ட் 7, செவ்வாய்க்கிழமை. 7.30க்கு உள்ளே நுழைந்தேன். பையைக்கூட வைக்கவில்லை. வரிசையில் பதினொரு வண்டிகள் நின்றன. பெருமாள் அதற்கு முன்பே வந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாமலே முதல் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்தினார். பதினொன்றையும் நேராகப் பார்த்தோம். ஒன்பதில் ஆயில் அதிகம். ஊசிக்குழலில் ரப்பர் குழாய் மாட்டி, அதிகமானதை உறிஞ்சி ஒரு பாட்டிலில் விட்டேன். ஐந்தாவது வண்டியில் பாட்டில் நிறைந்தது. இன்னொன்று எடுத்து வந்தேன்.

"இத எந்தக் கார்டுல எழுதறதுண்ணா?" என்று கேட்டார் பெருமாள்.

பதினொரு அட்டைகளிலும் ஆயில் மட்டத்துக்கு எதிரே முந்தின நாள் மாலையே, வழக்கம்போலச் சாய்ந்த வண்டியில் பார்த்து ஊற்றி, நான் டிக் போட்டிருந்தேன்.

"அடுத்ததப் புடிப்பா" என்றேன்.